நீரில் செய்தால் நீருக்கு நல்லதா?

பாபநாசத்தில் பொதிகையிலிருந்து இறங்கிவரும் தாமிரவருணியின் ஆற்றலை நம்பியே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் அங்கே பஞ்சாலை அமைத்தனர். நதியை நாடித் தொழில் வருவது இங்கே பழைய கதை. இன்று வேதியியலும் நீரை நாடுகிறது. நச்சுக் கரைப்பான்களைத் தவிர்த்து, நீரிலேயே பலபடிகளைத் தயாரிக்கும் முறைகளைப் 'பசுமை வேதியியல்' என்கின்றனர். அவற்றுள் ருத்தேனிய வினையூக்கி முறை என்னைக் கவர்ந்த ஒன்று. ஆயினும் 'பசுமை' என்ற அடைமொழியை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

கோலாட்டத்தில் ஆடுவோர் இணை மாறுவதுபோல, கார்பன் இரட்டைப் பிணைப்புகள் தம் இணைகளை மாற்றிக்கொள்ளும் வினையே மெட்டாதெசிஸ். இடையில் நின்று ஆட்டுவிப்பது உலோகம். வளைய மூலக்கூறில் இது நிகழ்ந்தால், வளையம் திறந்து நீண்ட சங்கிலியில் ஒரு கண்ணியாகிறது. டைட்டேனியம், டங்ஸ்டன் போன்றவை ஆக்சிஜனை மிகவும் விரும்புவதால், அவற்றாலான வினையூக்கிகள் நீர் பட்டாலே செயலிழந்தன. ருத்தேனியமோ இரட்டைப் பிணைப்பையே முதலில் நாடும். 1988-இல் நோவக், கிரப்ஸ் இருவரும் ருத்தேனிய உப்பைக் கொண்டு நீரிலேயே இவ்வினையை நிகழ்த்திக் காட்டினர். 2005-இல் மெட்டாதெசிஸ் ஆய்வுக்காக ஷோவான், ஷ்ராக் ஆகியோருடன் கிரப்ஸ் நோபல் பரிசு பெற்றார்.

பாலில் கொழுப்புபோல, குமரி மாவட்டத்து ரப்பர் பாலில் ரப்பர்போல, நீரில் நுண்துளிகளாய் மிதப்பதே பால்மம். சிக்கல் என்னவெனில், பிற்காலத்தில் வந்த திறன்மிக்க ருத்தேனிய வினையூக்கிகள் பெரும்பாலும் நீரில் கரையா. எனவே அவற்றைச் சிறிதளவு எண்ணெயில் கரைத்து நுண்துளிகளாக்குகின்றனர். அல்லது நீரில் கரையும்படி மூலக்கூறையே திருத்துகின்றனர். இதில் பிசகினால் துளிகள் ஒன்றுதிரண்டு கட்டியாகிவிடும்.

வினை முடிந்தபின் அந்த நீர் என்னாகிறது? அதில் பால்மத்தை நிலைநிறுத்திய சோப்பு போன்ற பொருள்களும், வினைபுரியாத மூலப்பொருளும், உலோக எச்சமும் இருக்கக்கூடும். உருவான சங்கிலியும் எளிதில் மட்காது. ஆடி அமாவாசையில் பாபநாசத்தில் நீராடுவோர் விட்டுச்செல்லும் ஆடைகளின் செயற்கை இழைகள் ஆற்றில் படும் பாட்டை நெல்லை மக்கள் அறிவர். ஒன்று மட்டும் ஆறுதல்: இச்சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் எஞ்சியிருப்பதால், கோத்த ருத்தேனியத்தைக் கொண்டே அதை வெட்டவும் இயலும். ரப்பர் பாலில் இயற்கை ரப்பரையே இவ்வாறு துண்டாக்கியுள்ளனர். ஆனால் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் இந்த அரிய உலோகத்தைக் கழிவை வெட்டுவதற்காகச் செலவிட எந்த ஆலை முன்வரும்?

நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது இந்த ஆற்று நீரைத்தான். 'நீரில் தயாரானது' என்ற முத்திரையோடு இப்படியோர் ஆலை இக்கரைக்கு வருமானால், அது வெளியேற்றும் நீரில் ருத்தேனியம் எவ்வளவு, சோப்புப் பொருள் எவ்வளவு என்ற கணக்கை உரிமம் வழங்குமுன் கேட்டுப் பெற வேண்டும்.