பேச்சு–மொழி நோயியலாளர் பட்டக்கல்வி (ஐக்கிய அமெரிக்கா)

பேச்சு, மொழி, குரல், விழுங்கல் ஆகியவற்றில் ஏற்படும் குறைபாடுகளைக் கண்டறிந்து சிகிச்சை அளிப்பவர் பேச்சு–மொழி நோயியலாளர் எனப்படுவார். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இவரை ஸ்பீச் தெரபிஸ்ட் என்றே அழைப்பர். ஐக்கிய அமெரிக்காவில் முழுத் தகுதி பெற்ற பேச்சு–மொழி நோயியலாளர் ஆவதற்கு இளநிலைப் பட்டம் பொதுவாகப் போதாது. முதுநிலைப் பட்டமே நுழைவுத் தகுதி.

பேச்சு சரியாக வராத குழந்தைக்கு எழுத்துகளை உச்சரிக்கக் கற்றுத் தருவதற்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உச்சரிப்புத் திருத்தம் இத்துறையின் ஒரு மூலை மட்டுமே. பக்கவாதம் வந்த முதியவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் உணவுக்குழாய்க்குள் போகிறதா, மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்வதும் இவர் வேலைதான். அதில் தவறினால் நுரையீரல் அழற்சி வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மூளைக் காயத்தால் சொற்களை இழந்தவர், குரல்வளை நீக்கப்பட்ட புற்றுநோயாளி, ஆட்டிசம் உள்ள சிறுவன், திக்குவாயுள்ள இளைஞர் என எல்லோரும் ஒரே சிகிச்சையாளரிடம் வரக்கூடும்.

துறையின் தோற்றம்

இத்துறை நாவன்மை ஆசிரியர்களின் கையிலிருந்து வளர்ந்தது. இங்கிலாந்தின் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்குத் திக்குவாய்ப் பயிற்சி அளித்த ஆஸ்திரேலியரான லயனல் லோக் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். பேச்சுக்கலை ஆசிரியராகத் தொடங்கியவர். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் இதனை ஆய்வுத் துறையாக வளர்த்ததில் முன்னோடி. இன்று ஆஷா என்ற சுருக்கப்பெயரால் அறியப்படும் அமெரிக்கப் பேச்சு–மொழி–கேட்டல் சங்கம் 1925இல் தொடங்கப்பட்டது.

அதே அயோவாவில்தான் 1939இல் ஒரு கசப்பான நிகழ்வும் நடந்தது. திக்குவாய் எப்படி உண்டாகிறது என்று அறிய அனாதை இல்லத்துக் குழந்தைகள் 22 பேரிடம் ஆய்வு செய்தனர். அவர்களுள் நன்றாகப் பேசிய சிலரிடமும் "உன் பேச்சில் குறை இருக்கிறது" என்று திரும்பத் திரும்பக் கூறினர். ஆய்வின் முடிவுகள் அப்போது இதழ் எதிலும் வெளியிடப்படவில்லை. பல்கலைக்கழகம் 2001இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. தொழில் நெறிமுறையை இன்றைய பட்டதாரிகள் கட்டாயமாகக் கற்க வேண்டியிருப்பது வெறும் சடங்கு அன்று என்பதற்கு இந்நிகழ்வே சான்று.

பாடங்கள்

பெரும்பாலான மாணவர்கள் தொடர்பியல் குறைபாடுகள் துறையில் இளநிலைப் பட்டம் பெற்று வருகின்றனர். மொழியியல், உளவியல், கல்வியியல் போன்ற வேறு துறைகளிலிருந்து வருவோர் சேர்வதற்கு முன்போ சேர்ந்த பின்னரோ அடிப்படைப் பாடங்களைத் தனியே படிக்க வேண்டியிருக்கும். ஆஷாவின் சான்றிதழ் விதிகளின்படி உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அல்லது நடத்தை அறிவியல் ஆகியவற்றில் படிப்பு இருத்தல் வேண்டும்.

முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள். ஒலி உச்சரிப்பு, சரளம், குரல், மொழி, கேட்டல், விழுங்கல், அறிதிறன், சமூகத் தொடர்பு, பேச்சுக்கு மாற்றான தொடர்பு முறைகள் என ஒன்பது பகுதிகளில் மாணவர் தேர்ச்சி காட்ட வேண்டும். கடைசியில் கூறியது, படப்பலகை முதல் கண்ணசைவால் இயங்கும் கணினி வரை பேச முடியாதவருக்குக் கைகொடுக்கும் கருவிகள் பற்றியது.

நேரடிப் பயிற்சி

படிப்பின் உயிர்நாடி இதுவே. மொத்தம் 400 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் 25 மணி நேரம் அனுபவமுள்ளவர் சிகிச்சை அளிப்பதை உற்றுநோக்குதல். எஞ்சிய 375 மணி நேரம் நோயாளியுடன் நேரடியாகப் பணிபுரிதல். மொத்தத்தில் குறைந்தது 325 மணி நேரம் முதுநிலைப் படிப்பின்போது முடிக்கப்பட வேண்டும். மாணவர் ஒவ்வொரு நோயாளியுடனும் செலவிடும் நேரத்தில் குறைந்தது 25 விழுக்காட்டையாவது மேற்பார்வையாளர் நேரில் கண்காணிக்க வேண்டும். குழந்தைகளை மட்டும் பார்த்துவிட்டு மணிக்கணக்கை நிரப்ப முடியாது. எல்லா வயதினரிடமும், பலவகைக் குறைபாடுகளிலும் அனுபவம் தேவை.

பட்டத்திற்குப் பிறகு

பட்டம் கைக்கு வந்தாலும் பயணம் முடிவதில்லை. பிராக்சிஸ் எனும் தேசியத் தேர்வில் 100 முதல் 200 வரையிலான அளவுகோலில் 162 பெற வேண்டும். அடுத்து மருத்துவப் பயிலுநர் காலம்: முழுநேரமாக 36 வாரங்கள், மொத்தம் 1,260 மணி நேரம். வாரத்திற்கு 35 மணி நேரம் என்று கணக்கிட்டால் இரண்டும் சரியாகப் பொருந்தும். இக்காலத்தில் ஊதியம் உண்டு, மேற்பார்வையும் உண்டு. இவற்றை முடித்தவருக்கே ஆஷா மருத்துவத் திறன் சான்றிதழ் வழங்குகிறது. அதைத் தக்கவைக்க மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 30 மணி நேரத் தொடர்கல்வியும் வேண்டும்.

இங்கே பலர் குழம்புவது ஓரிடத்தில். ஆஷா சான்றிதழ் ஒரு தொழில்முறைச் சங்கம் தரும் தகுதிச் சான்று. தொழில் புரிவதற்கான உரிமத்தை வழங்குவது அந்தந்த மாநில அரசு. இரண்டின் விதிகளும் பெரும்பாலும் ஒத்திருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்பவர் உரிம விதிகளைப் புதிதாகப் பார்க்க வேண்டியிருக்கலாம். இளநிலைப் பட்டத்துடன் நிற்பவர்கள் பல மாநிலங்களில் உதவியாளராகப் பணிபுரியலாம். கேட்பியல் துறை தனி. அங்கு நுழைவுத் தகுதி முனைவர் நிலைப் பட்டம்.

இந்திய மாணவர்கள்

இந்தியாவில் ஓராண்டு உள்ளகப் பயிற்சியுடன் கூடிய நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்றவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்து பணிபுரியலாம். மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு–கேட்டல் நிறுவனமும் சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனமும் இப்படிப்பை வழங்குகின்றன. ஆனால் அந்த இளநிலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் பேச்சு–மொழி நோயியலாளர் ஆகிவிட முடியாது. அமெரிக்கச் சங்கம் கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் சங்கங்களுடன் சான்றிதழை ஏற்கும் உடன்பாடு கொண்டுள்ளது. அதில் இந்தியா இல்லை. எனவே இங்கே முதுநிலை முடித்தவரும் தம் பட்டம் அமெரிக்கப் பட்டத்துக்கு நிகரானது என்று மதிப்பீட்டுச் சான்று பெற வேண்டும்.

அமெரிக்காவிலேயே முதுநிலை படிக்க விண்ணப்பிப்பவர் கட்டணத்தையும் ஊரையும் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது, அப்படிப்பு ஆஷாவின் கல்வித் தகுதியேற்பு மன்றத்தின் ஏற்பைப் பெற்றதா அல்லது அதற்கான வேட்பு நிலையில் உள்ளதா என்பது. பல்கலைக்கழகம் எவ்வளவு புகழ்பெற்றதாயினும் அப்படிப்புக்கு இவ்விரண்டில் ஒன்று இல்லையெனில், அங்கு பெறும் பட்டத்தைக் கொண்டு ஆஷா சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இயலாது. ஏற்புபெற்ற படிப்புகளின் பட்டியலை அம்மன்றமே பொதுவில் வெளியிடுகிறது.