எழுத்தைப் பிரித்துப் போடும் கைகள்

தாளைத் தேர்வது, எழுத்தைக் கோப்பது, அச்சிடுவது, தைப்பது, அட்டை கட்டுவது ஆகிய அனைத்தையும் ஒரே படைப்பின் உறுப்புகளாகக் கருதி, நூலையே ஒரு கலைப்பொருளாக உருவாக்கும் துறை நூற்கலை எனப்படுகிறது. இத்துறைக்கென அமெரிக்காவில் தோன்றிய இலாப நோக்கற்ற அமைப்புகளுள் முதலாவது, நூற்கட்டுக் கலைஞரான ரிச்சர்டு மின்ஸ்கி 1974இல் நியூயார்க்கில் நிறுவிய ‘சென்டர் ஃபார் புக் ஆர்ட்ஸ்’ ஆகும். வகுப்புகளும் கண்காட்சிகளும் நடைபெறும் இத்தகைய கூடங்களில், கோடை விடுமுறையில் மாணவர்கள் பயிற்சியாளர்களாகச் சேர்ந்து, வேலை செய்தபடியே தொழிலைக் கற்பது வழக்கம்.

இக்கூடம் தோன்றிய காலம் தற்செயலானது அன்று. ஆஃப்செட் அச்சு பரவியதால் ஈய எழுத்து அச்சகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, அவற்றின் இயந்திரங்கள் பழைய இரும்பு விலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, கலைஞர்கள் அவற்றை வாங்கிக் காத்தனர். 1909இல் சிகாகோவில் தொடங்கப்பட்ட வாண்டர்குக் நிறுவனத்தின் இயந்திரங்கள் அவ்வாறு மறுவாழ்வு பெற்றவை. பெரிய இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன் பிழை பார்க்கும் புரூப் படிகளை எடுப்பதற்காகவே உருவான இவற்றில், மை தடவிய எழுத்துகள் தட்டையான படுகையில் கிடக்க, தாளைச் சுற்றிக்கொண்ட உருளை அவற்றின்மேல் உருண்டு செல்லும். ஒரு முறைக்கு ஒரு தாள்தான் என்ற மெதுவான வேகமே, ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்த்துத் திருத்த விரும்பும் கலைஞருக்கு வசதியாகிவிட்டது.

பயிற்சியாளரிடம் முதலில் ஒப்படைக்கப்படும் வேலைகளுள் ஒன்று அச்சிடுவதன்று, அச்சிட்டு முடித்த எழுத்துகளைப் பிரித்து, அவற்றுக்குரிய அறைகளில் மீண்டும் போடுவதே. அமெரிக்க அச்சகங்களில் பெருவழக்காக இருந்த ‘கலிஃபோர்னியா கேஸ்’ என்னும் எழுத்துப் பெட்டியில் 89 அறைகள் உண்டு. அடிக்கடி தேவைப்படும் எழுத்துக்கு அகன்ற அறை, அரிதாக வருவதற்குச் சிறிய அறை என்பது அதன் ஒழுங்கு. (தமிழ் கம்பாசிட்டரின் பெட்டிகளுக்கோ இதைவிட மிகப் பல அறைகள் தேவைப்பட்டன.) ஈய எழுத்தின் முகம் இடவலம் மாறியிருப்பதால் ஆங்கிலத்தின் ‘பி’, ‘டி’, ‘கியூ’ ஆகியவற்றின் சிறிய வடிவங்கள் புதியவரை எளிதில் ஏமாற்றும், எழுத்தின் உடலில் ஒரு பக்கம் வெட்டப்பட்டுள்ள சிறு பள்ளத்தை விரலால் தடவி, எது மேல், எது கீழ் என்று அறிந்த பிறகே அவற்றை வேறுபடுத்த இயலும். தவறான அறையில் விழுந்த ஓர் எழுத்து, அடுத்து அப்பெட்டியில் கோப்பவரின் வரியில் பிழையாக முளைக்கும். எடுபிடி வேலையாகத் தோன்றும் இதுவே பயிற்சியின் உயிர்நாடி எனலாம். எழுத்துகளின் பருமனும் இடைவெளியும் வரிசையும் கைக்குப் பழகுவது இங்கேதான்.

நூற்கட்டுப் பிரிவில் கற்கும் முதல் பாடம் தாளின் இழைத்திசை. ஆலைத் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். அத்திசையில் மடித்தால் மடிப்பு சீராக விழும், குறுக்கே மடித்தால் தாள் வெடிக்கும். ஆதலால் இழை நூலின் முதுகுக்கு இணையாக அமையுமாறு வெட்டி, எலும்புத் துண்டால் நீவி மடித்து, ஊசியால் துளையிட்டுத் தைக்கின்றனர். 1979இல் ஹெடி கைல் உருவாக்கிய ‘கொடி நூல்’ இவ்வறிவின் அழகிய பயன். விசிறி மடிப்பு முதுகின் மடிப்புகளில் தாள் துண்டுகள் வரிசைக்கு வரிசை எதிரெதிர்த் திசையில் ஒட்டப்பட்டிருக்கும். இரு அட்டைகளையும் பிடித்து இழுத்தால், அத்துண்டுகள் சலசலத்து விரிந்து ஒரே படமாகச் சேரும்.

இவ்வளவு பயனுள்ள பயிற்சியைப் பெறுவதில் ஒரு தடையும் உண்டு. கலை அமைப்புகளில் ஊதியமில்லாப் பயிற்சி நெடுங்காலம் இயல்பாகவே கருதப்பட்டது. வாடகை மிகுந்த மாநகரில் வருமானமின்றிக் கோடை முழுவதும் தங்குவது வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கே இயலும். கையால் உழைத்து வளர்ந்த தொழிலொன்று, கையுழைப்பால் வாழும் குடும்பத்தாருக்கு எட்டாமற்போவது பெரும் அநீதி. எனவே பயிற்சிக்கு விண்ணப்பிப்போர், உதவித்தொகையோ தங்குமிடமோ அளிக்கும் கூடங்கள் எவை என்பதை முதலில் விசாரித்தறிவது நல்லது.