இணைப்பை அனுப்புபவரும் சூதாட்ட முகவரே!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கிய விளக்கத்தின் எழுத்து வடிவம்)

நேயர்களே, சூதாட்டத்திற்கு ஒரு காலத்தில் இடம் என்று ஒன்று இருந்தது. கெந்திங் மலைக்குப் போக வேண்டும். குதிரைப் பந்தயத் திடலுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் நம்பர் கடையில் வரிசை பிடிக்க வேண்டும். இன்று பாகான் நக்கோடா ஓமாரில் இருந்தாலும் சரி, கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தாலும் சரி, கைப்பேசி ஒன்று போதும். வாட்ஸ்அப்பில் வரும் ஓர் இணைப்பைத் தட்டினால் சூதாட்ட விடுதியே வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டமும் பந்தயச் சட்டமும் இணையம் தோன்றுவதற்கு முன்பே எழுதப்பட்டவை. விடுதிச் சட்டத்தின்படி, விளையாடிப் பிடிபட்டால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விடுதியை நடத்துவோருக்கும் துணை நிற்போருக்கும் 5,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. இச்சட்டங்களை இணையக் காலத்திற்கு ஏற்பத் திருத்த வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. 2020ஆம் ஆண்டின் இறுதியில், சட்டவிரோதச் சூதாட்டத்திற்கான அபராதத்தை 100,000 ரிங்கிட்டாக உயர்த்தி, குறைந்தது ஆறு மாதச் சிறையும் விதிக்கும் யோசனையை அரசாங்கம் அறிவித்தது.

தண்டனையைக் கூட்டுவது ஒரு பக்கம். யாரைப் பிடிப்பது என்பதே பெரிய கேள்வி. வெளிநாட்டில் இருக்கும் தளத்தின் முதலாளி கைக்கு எட்டுவதில்லை. ஆள் சேர்ப்பவர் நம்மிடையேதான் இருக்கிறார்.

கமிஷன் எங்கிருந்து வருகிறது?

முகவருக்குத் தனிக் குறியீடு கொண்ட ஓர் இணைப்பு தரப்படுகிறது. அதன் வழி சேருபவர்கள் அவர் கணக்கில் பதிவாகிறார்கள். கூலி இரண்டு வகை. ஒன்று, தலைக்கு இவ்வளவு என்ற தொகை. மற்றொன்று, வாடிக்கையாளர் தோற்கும் பணத்தில் பங்கு. பங்கு 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டுப் பிள்ளை 1,000 ரிங்கிட் தோற்றால், இணைப்பை அனுப்பிய 'நண்பர்' 300 ரிங்கிட் சம்பாதிக்கிறார். பிள்ளை வென்றால் அவருக்கு ஒன்றுமில்லை. "நான் ஜெயித்தேன், நீயும் வா" என்று அழைப்பவருக்கு உங்கள் தோல்விதான் வருமானம்.

பிற நாடுகளில்...

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், நிலையான தொகை வாங்கும் முகவர் பதிவு செய்துகொண்டால் போதும். வருமானத்தில் பங்கு வாங்குபவருக்கோ உரிமம் வேண்டும். பிரிட்டனில் முகவருக்குத் தனி உரிமம் கிடையாது. அவர் தவறு செய்தால் உரிமம் பெற்ற நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில், விளையாடுபவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம். முகவருக்கு 200,000 வெள்ளி வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும். இந்தியாவின் 2025ஆம் ஆண்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை விளம்பரம் செய்தாலே இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது.

நமக்கு எது பொருந்தும்? இங்கே இணையக் கேசினோவுக்கு உரிமமே கிடையாது. பொறுப்பேற்க நிறுவனம் இல்லாதபோது பிரிட்டன் வழி உதவாது. முகவரைத் தனியாகப் பெயரிட்டு, ஆடுபவரைவிடக் கூடுதல் தண்டனை விதிக்கும் சிங்கப்பூர் வழியே நமக்கு நெருக்கமானது. தோற்றுக் கடனாளியான தோட்டத் தொழிலாளியையும், அந்தத் தோல்வியில் பங்கு வாங்கியவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது.

பெற்றோர் கவனத்திற்கு

"வங்கிக் கணக்கைக் கொடு, மாதம் ஒரு தொகை தருகிறேன்" என்று யாராவது கேட்டால் பிள்ளைகள் சம்மதிக்கக் கூடாது. கணக்கை இப்படிப் பிறருக்கு விடுவதைக் குற்றமாக்கும் பிரிவுகள் 2024இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுவிட்டன. பகுதி நேர வேலை என்று வரும் இணைப்பை நாலு பேருக்கு அனுப்பும் முன், அந்தக் கமிஷன் யார் வீட்டுச் சம்பளத்திலிருந்து வருகிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.