நிர்மால்யம் மண்ணில் சேரட்டும்

பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில், மதுரகாளியம்மனைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் கோயிலிலேயே அரிசியை இடித்து மாவிளக்கு ஏற்றுகின்றன. இத்தனை ஆசாரத்துடன் நிகழும் வழிபாட்டுக்குப் பூவும் பழமும் நெகிழிப் பையில் வரலாமா?

இறைவனுக்குச் சாத்திய பூவைக் கால்படாத இடத்தில் சேர்ப்பது நம் மரபு. பையோடு கட்டி எறிந்த நிர்மால்யமோ மண்ணில் சேர்வதில்லை. பசு தின்றால் பை இரைப்பையில் தங்கி உயிருக்கே கேடாகிறது.

குப்பையை வீட்டிலேயே மக்குவது, மக்காதது எனப் பிரிப்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கடமையாக்கின. நெகிழிப் பைகள் உள்ளிட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது.

பிரிப்பதன் பயனுக்கு அரியலூரே சான்று. மறுசுழற்சிக்கு உதவாத நெகிழிக் கழிவுகள் திருச்சி முதலிய ஊர்களிலிருந்து அங்குள்ள சிமென்ட் ஆலைகளுக்குச் செல்கின்றன. 1,400 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள சூளையில் நிலக்கரிக்குத் துணை எரிபொருளாகின்றன. ஈரப்பூவும் சோறும் கலந்த பை அதற்கும் ஏற்றதன்று.

அடுத்த வெள்ளிக்கிழமை தாத்தா பாட்டியின் கையில் ஓலைக்கூடையோ மஞ்சள் பையோ இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் பார்த்துப் பழகுவர். பூசைப் பூவைத் தென்னையடியில் குழிதோண்டி இட்டால் உரமாகும். அம்மன் சூடியது மண்ணுக்கே திரும்பும்.