பெரிய ரிமோட் கார்: வேகம் கூட்டுவதும் வியாபாரம் கூட்டுவதும்

பிரஷர் குக்கரை ஒரு வாடிக்கையாளர் ஒரு முறைதான் வாங்குகிறார். ஆனால் காஸ்கெட்டுக்கு ஆண்டுதோறும் வருகிறார். சேப்டி வால்வு, வெயிட், கைப்பிடி என்று இடையிடையே வந்துகொண்டே இருக்கிறார். குக்கரில் கிடைத்த லாபம் ஒரு நாள் லாபம். அவர் திரும்பத் திரும்ப நம் கடைப்படி ஏறுவதே நிலையான லாபம். இது வணிகர்கள் எல்லோரும் அறிந்த உண்மைதான்.

இந்த உண்மையின் மீதே முழுக்க முழுக்க நிற்கும் ஒரு வியாபாரம் உலகில் உண்டு. அதுதான் பெரிய அளவிலான மின்சார ரிமோட் கார் வியாபாரம். வண்டி விற்பது அங்கே தொடக்கம் மட்டுமே. அதன் பிறகு மோட்டார், பல்சக்கரம், டயர், பாட்டரி, மேல்கூடு என்று ஒவ்வொன்றாக மாற்றி வண்டியைத் தன் விருப்பப்படி ஆக்கிக்கொள்வதே வாங்கியவரின் மகிழ்ச்சி. பொம்மை, பான்ஸி, எலெக்ட்ரிக்கல் சரக்கு விற்கும் உறுப்பினர்கள் இதைத் தொழில் செய்தியாகப் படிக்கலாம். மளிகை, தானிய வணிகர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

மரக்கடையில் பிறந்த தொழில்

ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946-இல் மரம் அறுத்து விற்கும் நிறுவனமாகத் தொடங்கியது டாமியா. பின்னர் மர மாடல் பொம்மைகளுக்கும், அதன் பிறகு பிளாஸ்டிக் மாடல்களுக்கும் மாறியது. 1976-இல் போர்ஷே 934 காரின் வடிவில், பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், தன் முதல் ரிமோட் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. வாங்குபவரே பூட்டிச் சேர்க்க வேண்டிய வண்டி அது. ஆகவே எந்தப் பாகம் எங்கே இருக்கிறது, உடைந்தால் எதைக் கேட்க வேண்டும் என்பது வாங்கியவருக்குத் தெரிந்திருந்தது. உதிரிபாக வியாபாரம் வளர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1986-இல் தொடங்கப்பட்ட டிராக்ஸாஸ் நிறுவனம், பூட்டி முடித்து ஓட்டத் தயாரான வண்டிகளை விற்றுப் பெயர் பெற்றது. அது 2015-இல் வெளியிட்ட எக்ஸ்-மாக்ஸ் என்னும் பெரிய டிரக்கை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இதன் நீளம் முக்கால் மீட்டருக்கும் மேல். அகலம் அரை மீட்டருக்கும் மேல். டயரின் விட்டம் சுமார் 20 செ.மீ. பாட்டரியோடு எடை 10 கிலோவை ஒட்டி வரும். 2016-இல் வந்த 8எஸ் வகைக்கு நிறுவனம் சொல்லும் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர்.

இந்த வேகத்தின் பொருள் என்ன என்பதை நம் கடைக் கணக்கில் பார்ப்போம். 10 கிலோ அரிசிப் பையை 25 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய எட்டு மாடிக் கட்டடத்தின் மேலிருந்து போட்டால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர்தான். எனவே இதைக் குழந்தைப் பொம்மை என்று எண்ணி விற்பதும் தவறு, வாங்குவதும் தவறு.

வேகம் எங்கிருந்து வருகிறது?

முன்பு இந்த அளவு பெரிய வண்டிகளில் பெட்ரோல் எஞ்சினே அதிகம். இரண்டு பொருட்கள் அந்த நிலையை மாற்றின. ஒன்று கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார். மிக்ஸியில் தேய்ந்து போகும் கார்பன் பிரஷ் இதில் கிடையாது. மற்றொன்று லித்தியம் பாலிமர் பாட்டரி.

லித்தியம் பாலிமர் பாட்டரியின் ஒரு செல் 3.7 வோல்ட். எட்டு செல்கள் தொடராக இணைந்தால் 29.6 வோல்ட். 8எஸ் என்னும் பெயரின் பொருள் இதுதான். நான்கு செல் கொண்ட இரு பாட்டரிகளை வண்டியில் வைத்து இந்த எட்டைப் பெறுகிறார்கள். மோட்டார் 1 வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1200 சுற்று என்ற கணக்கில் சுற்றுவது. ஆகவே சுமை இல்லாதபோது 29.6 வோல்ட்டில் 35,520 சுற்று.

வோல்ட் கூடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. வண்டி பாய்ந்து கிளம்பும்போது 2,400 வாட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 14.8 வோல்ட்டில் அதற்கு 162 ஆம்பியர் ஓட வேண்டும். 29.6 வோல்ட்டில் 81 ஆம்பியர் போதும். ஆம்பியர் பாதியானால் அதே கம்பியில் உண்டாகும் சூடு நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

வேகத்தைக் கூட்ட மலிவான வழி, மோட்டார் ஷாப்டில் உள்ள சிறிய பல்சக்கரத்தை மாற்றுவது. 20 பல்லுக்குப் பதில் 22 பல் போட்டால் வேகம் பத்தில் ஒரு பங்கு கூடும். செலவு குறைவுதான். ஆனால் மோட்டார் அதிகம் இழுக்க வேண்டியிருப்பதால் சூடு ஏறும். ஐந்து நிமிடம் ஓட்டியபின் சூடுமானியால் அளந்து பார்க்க வேண்டும். 80, 90 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பழைய சக்கரத்துக்கே திரும்புவது நல்லது. அளவு மீறிய சூட்டில் மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் தன் வலுவை இழக்கும். பிறகு அது திரும்பாது.

ஒன்றை மாற்றினால் அடுத்தது கேட்கும்

வேகம் கூட்டிய வண்டியில் அடுத்து என்ன நடக்கும் என்பதை விற்பவர் அறிந்திருக்க வேண்டும். மோட்டாரின் பலம் பல்சக்கரத்துக்கும், அங்கிருந்து டிபரன்ஷியலுக்கும், அங்கிருந்து ஷாப்ட் வழியாகச் சக்கரத்துக்கும் செல்கிறது. மோட்டாரைப் பெரிதாக்கினால் பிளாஸ்டிக் ஷாப்ட் முறுக்கிக்கொள்ளும். அதை ஸ்டீல் ஷாப்டாக மாற்றினால் டிபரன்ஷியல் பல் அடி வாங்கும். டிபரன்ஷியலைச் சரிசெய்து இன்னும் வேகமாக ஓட்டினால், சுழற்சியில் டயர் பலூன் போல் உப்பிக் கிழியும். உள்ளே பட்டை வைத்த டயர் போட்டால் எடை கூடும். அந்த எடையைத் திருப்ப ஸ்டியரிங் சர்வோ திணறும்.

பலம் கூட்டுவதால் பலவீனம் ஒழிந்துவிடுவதில்லை. அது அடுத்த பாகத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லாப் பாகத்தையும் உலோகமாக்கிவிடலாமே என்று தோன்றலாம். அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. நல்ல நைலான் கை அடிபட்டால் வளைந்து மீண்டும் நிமிரும். அலுமினியக் கை வளைந்தால் வளைந்ததுதான். அது உடையாவிட்டாலும், அடியை வண்டியின் உடற்பகுதிக்குக் கடத்திவிடும். இருநூறு ரூபாய்ப் பாகத்தோடு போக வேண்டிய சேதம் இரண்டாயிரம் ரூபாய்ப் பாகத்தில் போய் முடியும்.

எக்ஸ்-மாக்ஸிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. அதன் பெரிய பல்சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே ரப்பர் போன்ற மெத்தை வைத்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தில் இருக்கும் கப்ளிங் ரப்பர் செய்யும் அதே வேலைதான். குதித்து இறங்கும்போது வரும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்கிறது. நம் கடை மெயின் போர்டில் பியூஸ் இருப்பது போல, வண்டியிலும் விலை குறைந்த ஏதோ ஒன்று முதலில் போவதற்கென்று இருக்க வேண்டும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று கட்டுக்கம்பியைச் சுற்றினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

எந்த வரிசையில் மாற்றுவது?

புதிதாக வாங்குபவர் முதல் நாளே பெரிய மோட்டார் கேட்பார். அவருக்குச் சொல்ல வேண்டிய வரிசை இது:

1. முதலில் உள்ளபடியே ஓட்டட்டும். எது உடைகிறது என்று பார்த்த பின்பே மாற்றட்டும்.

2. தேய்ந்த பேரிங்குகளை மாற்றி, தளர்ந்த ஸ்குருக்களுக்கு லாக் திரவம் இட்டு இறுக்கட்டும். இதற்குச் செலவு மிகக் குறைவு.

3. ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கையும் ஆயிலையும் வண்டியின் எடைக்கும் ஓட்டும் தரைக்கும் ஏற்பச் சரிசெய்யட்டும்.

4. டிபரன்ஷியலில் கெட்டியான சிலிக்கான் ஆயில் போட்டால், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வது குறையும்.

5. அடுத்து ஷாப்ட், டயர், ஸ்டியரிங் சர்வோ.

6. கடைசியாகவே மோட்டாரும் வேகமும்.

அலங்காரத்துக்கும் தனிச் சந்தை உண்டு. மேல்கூடு பாலிகார்பனேட் என்னும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கால் ஆனது. நிறமில்லாமல் வாங்கி, உட்புறமாக வர்ணம் அடிப்பார்கள். வெளியே கீறல் விழுந்தாலும் வர்ணம் போகாது. இதற்கென்றே உள்ள பெயின்டைத்தான் கொடுக்க வேண்டும். சாதாரண ஸ்பிரே பெயின்ட் அடித்தால் கூடு வளையும்போது செதிலாக உதிரும். பெயின்ட், ஸ்டிக்கர், சிறு எல்.இ.டி. விளக்கு ஆகியவை முதல் குறைந்த, அடிக்கடி விலைபோகும் சரக்குகள்.

பாட்டரி: அலட்சியம் கூடாது

இத்தொழிலில் ஆபத்து மிகுந்த சரக்கு பாட்டரிதான். தவறாகக் கையாண்டால் லித்தியம் பாலிமர் பாட்டரி தீப்பிடிக்கும். எனவே கீழ்க்கண்டவற்றை விற்பவரும் வாங்குபவரும் மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டு பாட்டரியும் ஒரே அளவு, ஒரே வயதாக இருக்க வேண்டும். டார்ச் லைட்டில் பழைய செல்லையும் புதிய செல்லையும் கலக்காதீர்கள் என்று நாம் சொல்வது இதற்கும் பொருந்தும். கலந்தால் பலவீனமான பாட்டரி அளவுக்கு மீறி வடிந்து கெடும்.

செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கவும் கூடாது. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே சமன்செய்யும் சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். 5,000 மில்லி ஆம்பியர் மணி பாட்டரிக்கு 5 ஆம்பியர் போதும். சுமார் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும். ஆள் இல்லாத நேரத்தில், குறிப்பாக இரவில் கடையைப் பூட்டிவிட்டு, சார்ஜ் போடவே கூடாது.

பல நாள் வைத்திருக்க வேண்டிய பாட்டரியைச் செல்லுக்கு 3.8 வோல்ட் என்ற நடுநிலையில் வைக்க வேண்டும். எண்ணெய் டின், சாக்கு, அட்டைப்பெட்டி, தீப்பெட்டிக் கட்டுகளுக்கு அருகே வைக்கக்கூடாது. உப்பிய பாட்டரியைத் தள்ளுபடியில்கூட விற்கக்கூடாது.

வெளிநாட்டில் கொள்முதல் செய்வோர் கவனத்துக்கு: தனியாக எடுத்துவரும் லித்தியம் பாட்டரியை விமானத்தில் செக்-இன் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. கைப்பையில்தான் கொண்டு வர வேண்டும். 100 வாட்-மணிக்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் தேவை. 14.8 வோல்ட், 5,000 மில்லி ஆம்பியர் மணி பாட்டரி ஒன்று 74 வாட்-மணி.

யாருக்கு விற்பது?

14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2020-ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெரிய ரிமோட் வண்டிகள் பெரியவர்களின் பொழுதுபோக்குச் சாதனங்கள். சிறுவர்கள் விவரம் தெரிந்த பெரியவரின் மேற்பார்வை இல்லாமல் ஓட்டக்கூடாது என்று தயாரிப்பாளரே அச்சிட்டுத் தருகிறார். பேரனின் பிறந்தநாளுக்கு என்று வந்து கேட்பவரிடம், "ஐயா, இது அந்த வயதுக்கு ஆகாது, சின்ன வண்டி காட்டுகிறேன்" என்று சொல்வதே முறை. அன்றைய பெரிய பில் போகலாம். ஆனால் ஒரு குழந்தையின் கால் முறிந்து, அந்தப் பழி கடைக்கு வந்தால் எந்த லாபமும் அதை ஈடு செய்யாது. தெருவிலும் சாலையிலும் இதை ஓட்டவே கூடாது. ஆளில்லாத திறந்த மைதானமே ஏற்ற இடம்.

நம் கடைக்கும் பொருந்தும் பாடம்

இவ்வகை வண்டியோடு வரும் கையேட்டில் ஒவ்வொரு பாகமும் பிரித்து வரையப்பட்டு, அதற்கான எண்ணும் இருக்கும். வாடிக்கையாளர் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்பார். இருந்தால் உடனே விற்பனை. இல்லையென்றால் வண்டி மூலையில் கிடக்கும், வாடிக்கையாளரும் வேறு கடைக்குப் போவார். ஆகவே பத்து வண்டி வாங்கி அடுக்குவதைவிட, இரண்டு வண்டியும் அதில் அடிக்கடி உடையும் பாகங்களும் வைத்திருப்பவரே இத்தொழிலில் நிலைக்க முடியும்.

மளிகை வணிகத்திலும் இதே கணக்குதான். விற்பனையைக் கூட்ட வேண்டும் என்று கடன் வாங்கிச் சரக்கை இரட்டிப்பாக்குகிறோம். அது பெரிய மோட்டார். ஆனால் கிடங்கு பழையது, கணக்கு எழுதுபவர் ஒருவரே, வசூலுக்குப் போக ஆள் இல்லை என்றால், முறுக்கில் முதலில் உடைவது அந்த ஷாப்ட்தான். பெரிய பிரீசர் வாங்கிப் பழைய ஒயரிங்கிலேயே இணைப்பதும் இப்படித்தான். வேகத்துக்குச் செலவிடும் முன், அந்த வேகத்தைத் தாங்கும் பாகங்களுக்குச் செலவிட வேண்டும். இடையில் ஒரு பியூஸும் வேண்டும். கடன் கொடுப்பதில் இவ்வளவுக்கு மேல் இல்லை என்ற வரம்பே வணிகருக்குப் பியூஸ்.

பண்டிகைக்கு முன் புதுச் சரக்குக்குத் திட்டமிடும் உறுப்பினர்கள், கொள்முதல் சீட்டு எழுதும் முன் இந்த வரிசையை ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நலம்.