எல்லாம் ஒன்றாய் அமைந்த கணிப்பொறி

விலை உயர்ந்த பொருள் நெடுநாள் உழைக்கும் என்பது பலருடைய எண்ணம். இது கணிப்பொறிக்கும் பொருந்துமா?

2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ‘ஐமேக் ப்ரோ’ என்னும் கணிப்பொறியை 4,999 டாலர் தொடக்க விலையில் வெளியிட்டது. 27 அங்குலத் திரைக்குப் பின்னாலேயே 8 கோர் செயலியும் 32 ஜிபி நினைவகமும் அடங்கியிருந்தன. திரைப்படத் தொகுப்பாளர் போன்றோரின் நீண்ட வேலைகளை விரைவில் முடிப்பதே அதன் நோக்கம். அவர்களுக்கு மிச்சமாகும் நேரமே வருமானமன்றோ?

ஆயினும் குறையும் உண்டு. நினைவகத்தைக் கூட்ட வேண்டுமாயின், ஒட்டப்பட்ட திரையைக் கழற்ற வேண்டும். அது வாங்கியவர் தாமே எளிதில் செய்யக்கூடிய வேலையன்று. செயலி பழையதானபின் திரை நன்றாயிருந்தாலும், அதனை வேறொரு கணிப்பொறிக்குத் திரையாக இணைக்க நிறுவனம் வழி வைக்கவில்லை. 2021-இல் அதன் விற்பனையும் நின்றது. 2025-இல் வந்த புதிய மேக் இயங்குதளம் அதனை ஏற்பதில்லை. ஆக, கணக்கிட்டால் எட்டாண்டுகள்!

எனவே, இத்தகைய கணிப்பொறியைக் கொண்டு அந்த ஆண்டுகளுக்குள் போட்ட பணத்தை ஈட்டக்கூடியவர் வாங்கலாம். மற்றவர்களுக்குத் திரையையும் கணிப்பொறியையும் தனித்தனியே வாங்குவதே நலம். ஒன்று பழுதானால் மற்றது மிஞ்சும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்னும் பழமொழி கணிப்பொறிக்கும் பொருந்தும்.