உடைந்த வளையும் பிளந்த குச்சியும்

கற்பனை உலகங்களைப் படைக்கும் நாவலாசிரியர்கள் அவற்றுக்கென ஒரு மதத்தையும், அந்த மதத்துக்கென ஒரு புனிதப் பொருளையும் படைத்துவிடுவது வழக்கம். அது வாளாக இருக்கலாம், மணிமுடியாக இருக்கலாம். கைப்பற்றியவருக்கு ஆற்றல் வந்து சேரும். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் (1929-2018) எழுதி 1971-இல் நூலாக வெளிவந்த 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' நாவலில் வரும் வெள்ளிக் கைவளை அப்படிப்பட்டதன்று. கதை தொடங்கும் முன்பே அது இரண்டாக உடைந்துவிட்டது. ஒரு பாதியை மட்டும் வைத்திருப்பவருக்கு அதனால் எள்ளளவும் பயனில்லை.

அட்டுவான் ஒரு தீவு. அதன் பாலைநிலத்தில் 'பெயரற்றவர்கள்' எனப்படும் இருள் சக்திகளுக்கான வழிபாட்டிடம் உள்ளது. தலைமைப் பூசாரிணி இறந்த இரவில் பிறந்த பெண் குழந்தையைத் தேடிக் கண்டுபிடித்து, அவளே மீண்டும் பிறந்து வந்திருப்பதாக அறிவிப்பார்கள். அப்படிக் கொண்டுவரப்படும் டெனார் என்ற சிறுமியிடமிருந்து முதலில் பறிக்கப்படுவது அவளுடைய பெயர். அதன் பிறகு அவள் 'அர்ஹா'; அதாவது, விழுங்கப்பட்டவள். கல்லறைகளுக்குக் கீழே உள்ள நிலவறையில் விளக்கேற்றக் கூடாது. அதற்கப்பால் சிக்கலான சுரங்கப் பாதைகள். அவற்றின் நடுவே ஒரு கருவூலம். அதனுள் நுழையும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு. லெ குவின் புகழ்பெற்ற மானுடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபரின் மகள். சடங்குகளை அவர் விவரிக்கும் நிதானத்தில் அந்த வளர்ப்பு தெரிகிறது.

கருவூலத்தில் இருப்பது பாதி வளை. எர்ரெத்-அக்பே என்ற பழைய மந்திரவாதிக்கு உரியது அது. தலைமைக் குரு ஒருவனோடு நிகழ்ந்த போரில் அது உடைந்தது. ஒரு பாதி கல்லறைக் கருவூலத்துக்குப் போனது. மறு பாதி ஒரு சிற்றரசனுக்குக் கிடைத்து, அவன் வழியினரிடம் இருந்துவந்தது. வளையில் ஒன்பது மந்திர எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பாதியிலும் நான்கு எழுத்துகள் முழுமையாகத் தங்கின. ஒன்பதாவது எழுத்தின் குறுக்கே முறிவு விழுந்தது. அந்த எழுத்துதான் பிணைப்பின், அமைதியின் குறி. அதன் கீழ் ஆளாத எந்த அரசனாலும் நன்றாக ஆள முடியாது என்பது அந்த உலகின் நம்பிக்கை. தீவுகளின் அரியணை நெடுங்காலமாக வெறுமையாகவே கிடக்கிறது.

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வருவது மந்திரம் அன்று. இங்கிலாந்தின் கணக்குக் குச்சி. 12-ஆம் நூற்றாண்டு தொடங்கி அந்நாட்டு அரசுக் கருவூலம் வரவு செலவைக் குச்சிகளில் பதிந்தது. தொகைக்கேற்ப வெட்டுகள் இட்டு, குச்சியை நீளவாக்கில் பிளந்து, பணம் கொடுத்தவரிடம் ஒரு பாதியையும் பெற்றவரிடம் மறு பாதியையும் வைப்பார்கள். ஒரு மரத்தின் வரியோட்டம் இன்னொன்றில் அப்படியே அமையாது. ஆகவே, இரு பாதிகளும் பொருந்தினால் மட்டுமே கணக்கு செல்லும். பங்கு முதலைக் குறிக்கும் 'ஸ்டாக்' என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாற்றில் இந்தக் குச்சியின் பெரிய பாதிக்கு ஓர் இடமுண்டு. இம்முறை 1826 வரை நீடித்தது. தேங்கிய பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டட அடுப்புகளில் எரித்தபோது தீ பரவி, கட்டடமே சாம்பலானது. வகுப்பில் இதைச் சொன்னால் பணக் கொள்கையைக் கேட்டு உறங்கும் மாணவரும் விழித்துக்கொள்வர்.

லெ குவினின் வளையும் அத்தகையதே. அதன் மதிப்பு வெள்ளியில் இல்லை. இரு தரப்பும் ஏற்ற ஓர் உடன்படிக்கையில் இருக்கிறது. அதைப் பூட்டி வைத்தவர்கள் புனிதத்தைக் காப்பதாக நம்பினார்கள். உண்மையில், செல்லாத பாதிக் குச்சியைக் காவல் காத்தார்கள்.

மறு பாதி வந்துசேரும் விதம் இன்னும் நுட்பமானது. 1968-இல் வந்த முந்தைய நாவலில், கெட் என்ற இளம் மந்திரவாதி கப்பல் உடைந்து ஒரு மணல்திட்டில் ஒதுங்குகிறான். நாடு கடத்தப்பட்டுத் தனிமையில் முதுமையடைந்த ஒரு பெண் அவனுக்கு ஓர் உலோகத் துண்டைக் கொடுக்கிறாள். அதன் மதிப்பு இருவருக்கும் தெரியாது. அவன் அங்கிருந்த உவர் ஊற்றை நன்னீராக்கிவிட்டுப் போகிறான். அங்கே பேரமும் இல்லை, விலையும் இல்லை. பல்லாயிரம் பேர் தேடிய பொருள், ஓர் ஏழையின் அன்பளிப்பாகக் கைமாறுகிறது.

பின்னர் அவன் மறு பாதியைத் தேடி அட்டுவான் வருகிறான்; டெனாரிடம் சிக்குகிறான். அவளுடைய மதம் வெறும் பொய் என்று அவன் சொல்வதில்லை. அந்த இருள் உண்மையானது, ஆனால் வணங்கத் தக்கதன்று என்கிறான். இந்த நேர்மையே நாவலை மலிவான பகுத்தறிவுப் பிரசாரத்திலிருந்து காக்கிறது என்பது என் எண்ணம். சுரங்கத்தை நொறுக்கத் துடிக்கும் இருளை அவனால் தடுத்து நிறுத்த முடியும். வெளியேறும் வழி அவளுக்கு மட்டுமே தெரியும். ஒருவர் மட்டும் தப்ப வழியில்லை. இரு பாதிகளையும் கெட் மந்திரத்தால் ஒட்டி, வளையை அவள் கையில் அணிவிக்கிறான். அவளுடைய பழைய பெயரையும் திருப்பித் தருகிறான்.

அவர்கள் வளையைத் தலைநகர் ஹாவ்னருக்குக் கொண்டு சேர்க்கிறார்கள். அன்றே அரசன் வந்துவிடவில்லை. அரியணை நிரம்புவது 1972-இல் வெளியான 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' நாவலின் முடிவில்தான். அதற்குள் கதையில் பல ஆண்டுகள் கழிந்து, கெட் நடுவயதை எட்டியிருக்கிறான்.